கம்மியர் என்றால் யார்? – வாசகர் கேள்வி பதில்

தொழிற்பெயர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்குப் பிறகு, ஒரே சொல்லைக் கேட்டு நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அச்சொல்லுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, என் மகன் இந்த ஆண்டு அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகனக் கம்மியர் பிரிவில் சேர்ந்திருக்கிறான். உறவினர் வீட்டுச் சடங்கில் இதைச் சொன்னபோது ஒருவர், “கம்மி என்றால் குறைச்சல், கம்மியர் என்றால் குறைந்தவர்தானே! மார்க் கம்மியானவர்கள் போகிற படிப்புக்குப் பொருத்தமான பெயர்தான்” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அன்று முதல் பையன் முகம் வாடியிருக்கிறான். அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன?
– வாசகி, பேட்டை

பதில்: அம்மா, அந்த உறவினர் சொன்னது சொல்லின் வரலாறு அறியாமல் பேசிய பேச்சு. குறைச்சல் என்னும் பொருளில் நாம் வழங்கும் ‘கம்மி’ பாரசீக மொழிச் சொல். உருது வழியாக அது நம் கச்சேரிகளுக்கும் கடைத்தெருவுக்கும் வந்து, ‘ஜாஸ்தி’யோடு ஜோடி சேர்ந்து நம் பேச்சில் தங்கிவிட்டது. ‘கம்மியர்’ என்பதோ உருது என்னும் மொழி உருவாவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சங்கப் புலவர்கள் தங்கள் பாட்டில் எடுத்து ஆண்ட சொல். எழுத்து ஒத்திருப்பதைத் தவிர இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் இச்சொல் இரண்டு இடங்களில் வருகிறது. நக்கீரர் பாடிய அந்தப் பாட்டு, பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றியது என்று உரைகாரர் கூறுவர். கூதிர்க்காலத்துக் குளிரில் விசிறிக்கு வேலை இல்லை. ஆதலால் ‘கைவல் கம்மியன் கவின்பெறப் புனைந்த’ சிவந்த வட்டவடிவ விசிறியைச் சுருக்கி முளையில் மாட்டிவிட்டார்கள். அதைச் சுற்றிச் சிலந்தி வெண்ணூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. பயன்படாமல் கிடக்கும் பொருளைச் சொல்லும்போதுகூட, அதை அழகுபடச் செய்தவன் ஒருவன் இருந்தான் என்று நினைவுகூராமல் புலவரால் மேலே செல்ல முடியவில்லை.

இரண்டாவது இடத்தைத் தங்கள் மகனுக்குக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். அரண்மனை வாயிலின் இரட்டைக் கதவை நக்கீரர் விரிவாக வருணிக்கிறார். பருத்த இரும்பால் பிணித்து, செவ்வரக்குப் பூசி, குவளைப்பூவின் வடிவில் பிடி அமைத்து, தாழ்ப்பாளும் பொருத்திய அந்தக் கதவு, ‘கைவல் கம்மியன் முடுக்கலின் புரைதீர்ந்து’ நின்றது என்கிறார். தொழில் வல்ல கம்மியன் முடுக்கியதால் அதில் இடைவெளி என்பதே இல்லாமல் போயிற்று என்பது பொருள். ‘முடுக்குதல்’ என்ற அந்தச் சொல் இன்று எங்கே வழங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து பேட்டை வரையுள்ள எந்த ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றாலும், மூத்த மெக்கானிக் ஸ்பானரைக் கையில் கொடுத்துப் பையனிடம் சொல்வது, “நட்டை நல்லா முடுக்கு” என்பதுதான். பாண்டியன் அரண்மனைக் கதவில் கம்மியன் செய்த அதே வினையை, அதே சொல்லால், தங்கள் மகன் நாளை ஒரு பேருந்தின் சக்கரத்தில் செய்யப்போகிறான். பயிற்சி நிலையப் பலகையில் ‘மெக்கானிக்’ என்பதற்குக் ‘கம்மியர்’ என்று எழுத முடிவு செய்தவர் யாராக இருந்தாலும், அவர் சங்க இலக்கியம் தோய்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இன்னும் சில இடங்களைச் சொல்கிறேன். நற்றிணையின் 94-ஆம் பாட்டில், மொட்டு விட்டிருக்கும் புன்னை மரத்தைப் பார்த்த புலவர் இளந்திரையனார், அந்த மொட்டுகள் ‘கைவல் கம்மியன் கவின்பெறக் கழாஅ மண்ணாப் பசுமுத்து’ போல இருப்பதாகச் சொல்கிறார். கடலிலிருந்து எடுத்தபடியே, இன்னும் கழுவித் துலக்காத பச்சை முத்து என்பது பொருள். முத்தைக் கழுவி ஒளி வரச் செய்பவனும் கம்மியனே. இந்த உவமையைப் படிக்கும்போது, நம் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே முத்துக்குப் பெயர்பெற்று விளங்கிய கொற்கையை நினையாமல் இருக்க என்னால் முடிவதில்லை. நற்றிணை 313-இல், புதிதாகப் பூத்த வேங்கைப்பூ ‘பொன்செய் கம்மியன் கைவினை’ போல் இருக்கிறது. புறநானூறு 353-இல் பெண்ணொருத்தி இடையில் அணிந்த பொற்காசு வடத்தைக் குற்றமறச் செய்தவன் ‘ஆசில் கம்மியன்’.

இவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். விசிறி புனைந்தவனும், கதவு பொருத்தியவனும், முத்துத் துலக்கியவனும், பொன் நகை செய்தவனும் ஒரே பெயரால் அழைக்கப்படுகிறார்கள். எந்தப் பொருளில் வேலை செய்கிறான் என்பதையோ, யாருக்குப் பிறந்தவன் என்பதையோ புலவர்கள் அந்தப் பெயருக்குள் வைக்கவில்லை. நெடுநல்வாடையின் இரண்டு இடங்களிலும் நற்றிணை 94-இலும் பெயருக்கு முன்னால் மாறாமல் நிற்கும் அடை ‘கைவல்’ என்பது. கையால் வல்லவன் என்பது அதன் பொருள். இந்த அடைமொழி வெறும் ஓசைக்காக வைத்த சொல் என்று கருதிவிடக் கூடாது.

கைவன்மை என்றால் என்ன என்பதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சிறுவயதில், தாமிரபரணிக் கரையில் உள்ள எங்கள் ஊரில், கொல்லாசாரி ஒருவரின் பட்டறையில் விடுமுறை நாட்களில் துருத்தி இழுத்திருக்கிறேன். பனையேறிகளுக்கு அவர் அடித்துக் கொடுக்கும் பாளை அரிவாளுக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலெல்லாம் நல்ல பெயர். பாளையின் நுனியைத் தாள் போல மெல்லிதாகச் சீவ வேண்டும். கருக்கு மழுங்கியிருந்தால் பாளை நைந்து பதநீர் வடிவது நின்றுவிடும். கருக்குக்கு உரம் ஏற்றுவதைத் தோய்ச்சல் போடுதல் என்பார்கள். பழுக்கக் காய்ந்த அரிவாளைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்து, ஓரத்தைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடியும் இளஞ்சூட்டில் காட்டுவார். அப்போது முதுகுப்பக்கத்திலிருந்து கருக்கை நோக்கி நிறம் மெல்ல ஊர்ந்து வரும். முதலில் வைக்கோல் நிறம் வரும். அதன் பின்னாலேயே தவிட்டு நிறமும், கருநீலமும் வரும். வைக்கோல் நிறம் கருக்கைத் தொட்ட கணத்தில் தண்ணீரில் முக்க வேண்டும். முந்தினால் கருக்கு உதிர்ந்துவிடும், பிந்தினால் வளைந்துவிடும். நான் உலையில் எழும் தழலையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவர், “ஏல, நெருப்பப் பாக்காத, நெறத்தப் பாரு” என்பார். அந்த ஒரு கணத்தை அறிந்திருந்த கைக்குத்தான் புலவர்கள் ‘கைவல்’ என்று பெயர் வைத்தார்கள் என்று பிற்காலத்தில் நெடுநல்வாடை படித்தபோது தோன்றிற்று.

மார்க் கம்மியானவர்கள் போகிற படிப்பு என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. ஓடும் இன்ஜினின் ஓசையைக் கேட்டே எந்த வால்வு தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் காதும் கையும் ஒருவனுக்கு வாய்ப்பதற்கு ஆண்டுகள் பல ஆகும். தங்கள் மகன் அந்தப் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறான். அவனுக்கு என் வாழ்த்துகளைத் தெரிவியுங்கள்.

கேள்வி: கம்மியர், கம்மாளர் ஆகிய இரண்டும் ஒன்றுதானா? இவை தமிழ்ச் சொற்களா, வடசொற்களா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டும் ஒரே அடியிலிருந்து கிளைத்தவை, வழக்கில் வேறுபட்டுவிட்டவை. முதலில் அடிச்சொல்லைப் பார்ப்போம்.

‘கம்’ என்று ஒரு பெயர்ச்சொல் தமிழில் இருந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல், ‘ஈமும் கம்மும் உருமும்’ என்று மூன்று சொற்களைச் சேர்த்து, அவை வேறு சொற்களோடு புணரும்போது எவ்வாறு திரியும் என்று விதி கூறுகிறது. அதற்கு முற்பட்ட தொல்காப்பியமும் புள்ளிமயங்கியலில் இம்மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. ஈம் என்பது சுடுகாடு, உரும் என்பது இடி, கம் என்பது கம்மியரது தொழில். ‘கம்’ உடன் ‘கடிது’ சேர்ந்தால் ‘கம்முக் கடிது’ என்று உகரம் பெற்று வரும். இலக்கண நூலில் ஒரு சொல்லுக்குத் தனி விதி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்தச் சொல் அக்காலத்தில் மக்கள் வாயில் உயிரோடு இருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். கம்மியர் வேலை செய்யும் இடத்துக்குக் ‘கம்மாலை’ என்றும் பெயர் உண்டு. ‘ஒர்க்‌ஷாப்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை.

இனி, பிறப்பு. வடமொழியில் ‘கர்ம’ என்பது செயல். பாலியிலும் பிராகிருதத்திலும் அது ‘கம்ம’ என்று ஆகும். வேதத்திலேயே ‘கர்மார’ என்றால் உலோக வேலை செய்யும் கொல்லன். பாலி மொழியில் அவன் ‘கம்மார’. புத்தர் பெருமான் கடைசியாக உண்ட உணவைப் படைத்த சுந்தனைப் பௌத்த நூல்கள் ‘கம்மாரபுத்த’, அதாவது கொல்லன் மகன் என்றே குறிப்பிடுகின்றன. தெலுங்கில் கம்மரி, கன்னடத்தில் கம்மார, வங்காளத்தில் காமார் ஆகிய யாவும் இன்றைக்கும் இரும்புக் கொல்லரையே குறிக்கின்றன. மறுபுறம், நம் சங்கரன்கோவிலில் 1902-இல் பிறந்த மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர், கருமம் முதலிய சொற்கள் தமிழ் வேரிலிருந்து பிறந்து வடக்கே சென்றவை என்று வாதிட்டார்.

என் கருத்தைக் கேட்டால், வடிவத்தை வைத்துப் பார்க்கும்போது இச்சொல் பிராகிருத வழியாக நம்மிடம் வந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் வந்த பிறகு அது அடைந்த மாற்றத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மற்ற மொழிகளில் இரும்பைக் காய்ச்சுபவனோடு நின்றுவிட்ட சொல், தமிழில் முத்து, பொன், மரம், நூல் என்று எல்லாக் கைவினைக்கும் விரிந்தது. மணிமேகலையில் ஓரிடம் இதற்கு நல்ல சான்று. சோழ அரண்மனை மண்டபம் ஒன்றைக் கட்டியவர்களைச் சாத்தனார் அடுக்குகிறார்: ‘மகத வினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தண்தமிழ் வினைஞர் தம்மொடு கூடி’ அதைச் செய்தார்களாம். வினைஞர், கம்மர், கொல்லர், தச்சர் ஆகிய நான்கு சொற்களும் அங்கே தோளோடு தோள் நிற்கின்றன. ‘வினைஞர்’ என்னும் தமிழ்ச்சொல் எந்தப் பொருளைத் தந்ததோ அதே பொருளைத்தான் ‘கம்மர்’ என்பதும் தந்தது: வினை செய்பவர். கருமத்தின் அருமையைச் சொல்லவந்த வள்ளுவர், ‘தத்தம் கருமமே கட்டளைக்கல்’ (505) என்று பொன் உரைத்துப் பார்க்கும் உரைகல்லையே உவமையாக எடுத்துக்கொண்டது எவ்வளவு பொருத்தம்!

கம்மாளர் என்பது பிற்கால வழக்கு. கல்வெட்டுகளில் கம்மாணர், கன்மாளர் என்ற வடிவங்களும் காணப்படுகின்றன. தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், கற்றச்சர் ஆகிய ஐந்து தொழிலாரையும் சேர்த்துச் சுட்டும் சமுதாயப் பெயராக அது நிலைபெற்றது. இவர்களைக் ‘கண்ணாளர்’ என்றும் வழங்குவார்கள். சிலை முழுவதையும் முடித்த பிறகு, கடைசியாகப் பொன்னுளியால் சிற்பி தெய்வத்துக்குக் கண் திறப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வதுண்டு. அந்தச் சடங்கை அருகிலிருந்து பார்த்தவர்கள் அந்த விளக்கத்தை விட மாட்டார்கள். ஆயினும் சொல்லாராய்ச்சி என்று வரும்போது, சிற்பியை மட்டும் குறிக்கும் விளக்கத்தைக் கொண்டு ஐந்து தொழிலாருக்கும் பெயர் வைத்ததாகக் கொள்வது சரியாகாது.

இதே வாசகர், ‘கம்மாய்க்கும் கம்மியருக்கும் தொடர்பு உண்டா’ என்றும் கேட்டிருக்கிறார். கம்மாய் என்பது கண்மாயின் மரூஉ, தொடர்பு இல்லை. மதுரை, இராமநாதபுரம் பக்கங்களில் கண்மாய் என்பதை நாம் குளம் என்றே சொல்லிவிடுவதால் நமக்கு இந்தக் குழப்பம் நேருவதும் குறைவு.

கேள்வி: எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்வது. கம்மியர் என்ற சொல் உலோகமும் மரமும் கையாளுபவர்களுக்கு மட்டும்தானா, எங்களுக்கும் பொருந்துமா?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: தாராளமாகப் பொருந்தும். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரைக் கடைத்தெருவை வருணிக்கும் பகுதியில், தெளிந்த நீரின் அறல்போல் மடித்த துணிகளைச் சிறியதும் பெரியதுமாக விரித்துக் காட்டி, ‘சிறியரும் பெரியரும் கம்மியர் குழீஇ’ நான்கு தெருவிலும் நின்றார்கள் என்று பாடுகிறார். அங்கே கம்மியர் என்பது ஆடை நெய்வோரையே குறிக்கிறது. ‘சிறியரும் பெரியரும்’ என்பதைக் கவனியுங்கள். தறிக்குழிக்குள் தந்தையின் பக்கத்தில் அமர்ந்து மிதி பழகும் பிள்ளையும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடுகிறான். சிலப்பதிகாரம் புகாரில் ‘பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும்’ நுண்ணிதாக நெய்பவர்களின் தெருவைக் ‘காருகர் இருக்கை’ என்கிறது. உங்கள் ஊரின் செடிபுட்டாச் சேலையில் செடியும் பூவுமாக எழும் வேலைப்பாட்டைப் பார்த்தவர்கள் ‘நுண்வினை’ என்ற சொல்லின் பொருளை உடனே அறிவார்கள்.

மதுரைக்காஞ்சியின் அதே பகுதியில் இன்னும் பலர் வருகிறார்கள். சங்கை அறுத்துக் கடைபவர் ‘கோடுபோழ் கடைநர்’. பார்த்ததையெல்லாம் ஒப்புமை காட்டி எழுதும் ஓவியர் ‘கண்ணுள் வினைஞர்’. ‘கடைநர்’ என்பதிலிருந்து இன்றைய தொழிற்பயிற்சி நிலையங்களின் ‘கடைசலர்’ வரை ஒரே நேர்கோடு. அம்பாசமுத்திரத்தில் மரச்செப்பு செய்யும் கடைசல் பட்டறைகளில், சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி, மரத்தின் மேல் சிவப்பாகவும் மஞ்சளாகவும் படர்ந்து, தாழை மடலைக் கொண்டு தேய்த்தவுடன் கண்ணாடிபோல் மின்னும். வீட்டுப் பெண்குழந்தைகள் சோறாக்கி விளையாடும் அந்தச் செப்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம், நக்கீரர் சொன்ன செவ்வரக்குப் பூசிய கதவு என் நினைவுக்கு வரும்.

கேள்வி: நான் நகைத் தொழில் செய்பவன். சங்க காலத்தில் அவ்வளவு சிறப்பாகப் பாடப்பட்டவர்கள் பிற்காலத்தில் ஏன் தாழ்த்தப்பட்டார்கள்? சிலப்பதிகாரப் பொற்கொல்லன் கதையால் வந்த பழியா?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: தங்கள் கேள்வியில் உள்ள வலி எனக்குப் புரிகிறது. தங்கள் ஊருக்குக் கிழக்கே உள்ள கொற்கையோடு அந்தக் கதையின் மிகக் கொடிய பகுதி சேர்ந்திருக்கிறது. பாண்டியன் இறந்த பின், கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்வதற்காகப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. ஒருவன் செய்த களவுக்கு ஆயிரம் பேரின் உயிர். இளங்கோவடிகள் அதைச் செய்தியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். படிக்கும் நாம் அவ்வளவு எளிதில் நகர முடியாது. ஆனால் அதே காப்பியம், புகார் நகரச் சிறப்பில் ‘மரங்கொல் தச்சரும் கருங்கைக் கொல்லரும்’, ‘பொன்செய் கொல்லரும் நன்கலம் தருநரும்’ என்று தொழில் வல்லாரை நகரத்தின் அணியாகவே வைத்துப் பாடுகிறது. கதையில் வரும் ஒருவனால் ஒரு தொழிலுக்கே பழி வந்தது என்பதை நான் ஏற்கவில்லை. கொற்கையிலேயே ‘அக்கசாலை ஈசுவரமுடையார்’ என்ற பெயரில் சிவன் கோயில் இருக்கிறது. அக்கசாலை என்றால் பொன்வேலை நடக்கும் இடம், நாணயம் அடிக்கும் சாலை. அந்தத் தொழிலின் பெயரை இறைவனுக்கே சூட்டியிருக்கிறார்கள்.

தாழ்வு வந்தது நிலவுடைமையும் சாதி அடுக்கும் இறுகிய காலத்தில். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளில், வரியிலிருந்து கழிக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் ‘கம்மாணசேரி’ வருகிறது. அதாவது கி.பி. 1010-ஐ ஒட்டிய காலத்தில், ஊருக்குள் அவர்களுக்கென்று சேரி ஒன்று தனியே வகுக்கப்பட்டிருந்தது. அதே கோயிலில் ‘வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்’ என்று தலைமைத் தச்சனின் பெயரும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. மதிப்பும் ஒதுக்கமும் ஒரே கல்லில் இருந்தன.

கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்று இதைவிட நெஞ்சைத் தொடும். கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயருடைய அரசன், அங்குள்ள கன்மாளர்க்குச் சில உரிமைகளை ஆணையாக அளிக்கிறான்: நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது காலில் செருப்பு அணிந்துகொள்ளலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து இட்டுக்கொள்ளலாம். ஊரார் கோயிலையும் மாளிகையையும் கட்டிய கைகள், சொந்த வீட்டுச் சுவரில் சாந்து பூச அரசனின் ஓலைக்குக் காத்திருந்தன என்பதுதான் இதன் பொருள். இந்தக் கல்வெட்டைப் பெருமைக்கு உரியதாக மட்டும் மேடைகளில் எடுத்துச் சொல்பவர்கள், அந்த ஆணை ஏன் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிராமங்களில் ஆசாரிமாருக்கு உரிய கூலி காசாக வரவில்லை. அறுவடைக் களத்தில், பொலி அளக்கும்போது கொடுக்கும் நெல்தான் அது. அதற்குச் ‘சுதந்திரம்’ என்றே பெயர். கலப்பைக்குக் கொழு அடித்தவரும், வண்டிக்கு ஆரக்கால் பூட்டியவரும் களத்து ஓரத்தில் சாக்கோடு நிற்பதை நானே கண்டிருக்கிறேன். ஆலைப் பொருள்கள் வந்து, இரும்புக் கலப்பையும் டிராக்டரும் வந்தபோது, அந்தச் சுதந்திரமும் நின்றது.

தங்கள் தொழிலுக்கு விழுந்த அடி வேறு வகை. 1963 சனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையுள்ள நகைகளைப் புதிதாகச் செய்யக் கூடாது என்று ஆனபோது, 22 காரட்டில் தாலி செய்து பழகிய குடும்பங்கள் ஒரே நாளில் வேலை இழந்தன. நாடெங்கும் பொற்கொல்லர்கள் வறுமையில் விழுந்தார்கள்; உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1968-இல் அது சட்டமாகவே ஆகி, 1990-இல்தான் நீக்கப்பட்டது. எங்கள் தெருவில் குடியிருந்த பத்தர் ஒருவர், குமுட்டி அடுப்பையும் ஊதுகுழலையும் பரண்மேல் போட்டுவிட்டு, மளிகைக் கடையில் கணக்கு எழுதப் போனார். மாலையில் வீடு திரும்பியதும், திண்ணையில் அமர்ந்து, வெறுங்கையில் கட்டைவிரலால் ஆட்காட்டி விரலை உருட்டிக்கொண்டே இருப்பார். கம்பி இழைக்கும் கை அது. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள இருந்த மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு தலைமுறை விட்டுப்போனால் கைவினை ஏட்டில் தங்குவதில்லை. தாங்கள் இன்னும் அந்தத் தொழிலை விடாமல் செய்கிறீர்கள் என்பதைப் படித்தபோது மனம் நிறைந்தது.

கேள்வி: நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர இருக்கும் மாணவி. விண்ணப்பத்தில் ‘கம்பியாளர்’, ‘கம்மியர்’ என இரண்டும் உள்ளன. ஒன்று அச்சுப்பிழையா? பெண் என்றால் கம்மியருக்கு வேறு சொல் உண்டா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அச்சுப்பிழை இல்லை, மகளே. கம்பியாளர் என்பது மின்கம்பி வேலை செய்யும் ‘வயர்மேன்’. கம்பி என்ற சொல்லிலிருந்து வந்தது. கம்மியர் என்பது மெக்கானிக். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைக் குறிக்கிறாய் என்பதை எழுத்துக்கூட்டிப் பார்த்து நிரப்பு. ஓர் எழுத்து மாறினால் பிரிவே மாறிவிடும். கம்மியன் என்பது ஆண்பாலுக்கு மட்டும் உரியது. கம்மியர் என்னும் பலர்பால் வடிவம் மரியாதை குறித்து ஒருவருக்கு வரும்போது, ஆசிரியர், மருத்துவர் என்பவைபோல இருபாலுக்கும் பொது. ஆகவே உன் சான்றிதழிலும் ‘கம்மியர்’ என்றே இருக்கும்.